முற்றிய இரைப்பைப் புற்று, இளம் வயது: கூட நிற்கும் உறவினருக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகனுக்கு இரைப்பையில் புற்றுநோய், அதுவும் நான்காம் நிலை என்று தெரிந்தபோது அவனுக்கு வயது 27. கோவில்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். அத்தானுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. நான்கு மாதம் ‘கேஸ் ட்ரபிள்’ என்று மாத்திரை தின்று, 11 கிலோ எடை இறங்கிய பிறகுதான் எண்டோஸ்கோப்பி எடுத்தோம். அதன்பின் 14 மாதம் மதுரைக்கும் சென்னைக்குமாக அவனோடு அலைந்தேன்.

முதல் மூன்று வாரம் நாங்கள் வரிசை தெரியாமல் ஓடினோம். பணம் போனது, அதைவிட நாள் போனது. எந்தத் தாளை முதலில் வாங்க வேண்டும், எதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரத்தில் பாதி மிச்சமாகியிருக்கும். இன்று அதே இடத்தில் நிற்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தை முடிவு செய்வது டாக்டர். அவரிடம் போய்ச் சேரும் வழியையும், அங்கே கேட்க வேண்டிய கேள்விகளையும் நான் சொல்கிறேன்.

1. ஒரு ஆளும் ஒரு கோப்பும்

முதல் நாளே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். டாக்டரிடம் பேசுவது, ரிப்போர்ட் வாங்குவது, சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் வழியாகப் போகட்டும். பெற்றவர்களை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். அக்காவால் ‘பயாப்சி’ என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியவில்லை. தாய்மாமனோ சித்தப்பாவோ அண்ணனோ மதினியோ, ரிப்போர்ட்டைக் கையில் பிடித்து வாசிக்கும் திராணி உள்ள ஒருவர் போதும்.

கடையில் பிளாஸ்டிக் உறை வைத்த கோப்பு ஒன்று வாங்குங்கள். தேதி வரிசையில் எல்லாத் தாளையும் அதில் போடுங்கள். முன்பக்கம் இருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், காப்பீட்டு அட்டை, ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. அசலை எந்த கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் ஃபிலிமையும் சிடியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த மருத்துவமனையில் படத்தைத்தான் பார்ப்பார்கள். சிடி இல்லாமல் போனதால் எங்களை மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

கூடவே ஒரு 40 பக்க நோட்டு. தேதி, எடை, அன்று சாப்பிட்டது, காய்ச்சல், வாந்தி, வலி, டாக்டரிடம் கேட்க வேண்டியது. அவ்வளவுதான். ‘எப்போதிலிருந்து வாந்தி?’ என்று டாக்டர் கேட்கும்போது ஆளுக்கொரு தேதி சொல்லாமல் இருப்பதற்கு இது.

2. நோய் யாருக்கோ அவரிடம் சொல்லுங்கள்

இதை நாங்கள் மோசமாகச் செய்தோம். ‘அல்சர் பெரிசாயிருச்சு’ என்று சொல்லி வைத்திருந்தோம். மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது நான் கண் அயர்ந்த நேரத்தில், என் மடியிலிருந்த கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாக வாசித்திருக்கிறான். தெரியாத சொல்லை போனில் தேடியிருக்கிறான். சாத்தூர் தாண்டும்போது விழித்தேன். “எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியலையா மாமா?” என்றான். வீடு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

வயது 18 தாண்டியவர் என்றால் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து போட வேண்டியவர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் எதையும் நேராக நடத்த முடியாது. நீங்களாகச் சொல்ல வரவில்லை என்றால் டாக்டரிடம், “நீங்களே அவனிடம் சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று கேளுங்கள். அறையில் அவரும் அவர் விரும்பும் ஒருவரும் இருந்தால் போதும். எட்டுப் பேர் போய் நிற்க வேண்டாம்.

அந்த உட்காரலிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “இந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?” நான்காம் நிலை இரைப்பைப் புற்றில் பெரும்பாலும் பதில் இரண்டாவதுதான். எங்களுக்குச் சொன்னது, “மாதக் கணக்கு, மருந்து நன்றாகக் கேட்டால் ஒன்றிரண்டு வருஷம்.” கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் வீட்டை விற்பதா, எந்த ஊருக்கு அலைவது, அவன் ஆசைப்பட்டதை எப்போது செய்வது எல்லாம் இந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகும்.

3. பரிசோதனைகளை முழுசாக முடியுங்கள்

எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதையின் பயாப்சி முடிவு வர எங்களுக்கு ஆறு நாள் ஆனது. இளம் வயதினரிடம் ‘சிக்னெட் ரிங்’ (செல்கள் முத்திரை மோதிரம்போலத் தெரியும்) என்ற வகை அதிகம் காணப்படுகிறது. மாப்பிள்ளைக்கும் (அக்கா மகனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அதுதான்.

அடுத்தது வயிறு, மார்பு சேர்த்து மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன். புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. தனியாரில் நாங்கள் 16,000 ரூபாய் கட்டி எடுத்தோம். சிக்னெட் ரிங் வகை பெட் ஸ்கேனில் சரியாக ஒளிராமல் போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ‘பெட்ல ஒண்ணும் பரவலை’ என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்தோம். பத்து நாள் கழித்து, சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தபோது வயிற்றின் உள்ளுறையில் பொடிப்பொடியாகப் பரவியிருந்தது. ஆகவே யாராவது நேரே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால், “முதலில் லேப்ராஸ்கோப்பி பார்க்க வேண்டாமா?” என்று கேளுங்கள். உள்ளுறைக்குப் பரவிய பிறகு இரைப்பையை எடுப்பதால் பெரும்பாலும் பலன் இல்லை. உடம்பு தேறும் வாரங்கள்தான் வீணாகும்.

எந்த மருந்து பொருந்தும் என்று தெரிந்துகொள்ள அதே பயாப்சித் துண்டில் இன்னும் சில பரிசோதனைகள் உண்டு: ஹெர்-2, எம்.எஸ்.ஐ., பி.டி.எல்.-1. வசதி உள்ள இடங்களில் கிளாடின் 18.2-ம் பார்க்கிறார்கள். இரைப்பைப் புற்று உள்ள 100 பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு ஹெர்-2 இருக்கும். இருந்தால் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்க்கலாம். இந்தியத் தயாரிப்புகள் வந்தபின் அதன் விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. எம்.எஸ்.ஐ. அதிகம் என்று வந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்துகள் (இம்யூனோதெரபி) நன்றாக வேலை செய்ய வாய்ப்பு உண்டு. இந்த முடிவுகள் வர இன்னொரு வாரம், பத்து நாள் ஆகும். பயாப்சி முடிவு கைக்கு வந்த அன்றே இவற்றுக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பள்ளம். பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைப்பார்கள். அதற்கு ‘பிளாக்’ என்று பெயர். கண்ணாடித் தகடு ‘ஸ்லைடு’. பெரிய மருத்துவமனைக்குப் போனால் இரண்டையும் கேட்பார்கள். முதல் லேபில் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய், பிளாக்குக்காக 540 கிலோமீட்டர் திரும்பி வந்தோம். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். மெழுகு உருகிவிடும்.

4. திட்டம் பெரிய இடத்தில், ஊசி பக்கத்து ஊரில்

சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. இவை தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகம் போகும் இடங்கள். வேலூரில் பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு உண்டு, கட்டணம் வேறுபடும். முன்பதிவை இணையத்திலேயே செய்யலாம்.

பார்க்க வேண்டியவர் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட், அதாவது கீமோ போன்ற மருந்துகளால் புற்றுக்குச் சிகிச்சை தரும் டாக்டர். பொது அறுவை மருத்துவரோடு நின்றுவிடாதீர்கள்.

இரண்டாவது கருத்து ஒன்று வாங்குங்கள். ஐந்து வாங்காதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரம் போய்விடும், அந்த வாரத்தில் பிள்ளை இரண்டு கிலோ இறங்கிவிடுவான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நிபுணர்களின் கருத்தை, ரிப்போர்ட்டுகளை இணையத்தில் ஏற்றி நவ்யா என்ற சேவை வழியாகப் பெறலாம். மும்பைக்கு ரயிலேற வேண்டியதில்லை.

எங்களுக்குக் கடைசியில் பொருந்திய வழி இது: சென்னையில் திட்டத்தை எழுதி வாங்கினோம், அந்தக் கீமோவை மதுரை அரசு மருத்துவமனையில் ஏற்றினோம். கோவில்பட்டியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரம். சென்னைக்கு ஓர் இரவு முழுதும் ரயில். வாந்தியோடு வரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது. ‘சென்னைன்னாதான் நல்ல மருந்து’ என்று சொந்தபந்தம் சொல்லும். ஏறுவது அதே மருந்துதான்.

5. காப்பீட்டு அட்டை: இதற்கு முதல் வாரத்திலேயே ஓடுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை ஏற்கனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய அட்டை அலமாரியில் கிடந்தும் தெரியாமல் பணம் கட்டிய குடும்பங்களை வார்டில் பார்த்தேன். கட்டணமில்லா எண் 1800 425 3993. ரேஷன் அட்டை எண்ணைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள்.

இல்லை என்றால் வரிசை இப்படி:

முதலில் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பித்த கையோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, புற்றுநோய் ரிப்போர்ட்டைக் காட்டி அவசரத்தைச் சொல்லுங்கள். சும்மா விட்டால் வரிசையில் கிடக்கும். பிறகு சான்று, ரேஷன் அட்டை, குடும்பத்தார் எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்ற கடிதம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

எங்களுக்கு ஒன்பது நாள் போனது ஒரே ஓர் எழுத்தால். ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால், பெயரிலும் ஒரு எழுத்து கூடுதல். கணினி ஏற்கவில்லை. இன்றைக்கே இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கல்யாணமாகித் தனி அட்டை வாங்கியவர் என்றால் எந்த அட்டையில் பெயர் இருக்கிறதோ அந்தக் குடும்பக் கணக்கில்தான் வரும். பழைய அட்டையில் பெயரை நீக்கிவிட்டுப் புதியதில் சேர்க்காமல் விட்டவர்களுக்கு இரண்டிலும் இல்லாமல் போகும்.

அட்டை கிடைத்த பிறகு கவனிக்க வேண்டியவை:

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்று பலகை இருந்தாலும் புற்றுநோய்ப் பிரிவுக்கும் சேர்த்து அனுமதி உண்டா என்று அங்கே உள்ள காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். சில இடங்களில் எலும்புக்கு உண்டு, கீமோவுக்கு இல்லை.

ஒவ்வொரு சுற்றுக் கீமோவுக்கும் தனித்தனி முன் அனுமதி வேண்டும். அடுத்த தேதி குறித்த அன்றே கவுண்டரில் தாளைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த முறை காத்திருக்க வேண்டியதில்லை.

அனுமதி வருமுன் கையிலிருந்து கட்டிய பணம் திரும்பி வரும் என்று எண்ணாதீர்கள். எங்களுக்கு வரவில்லை. ‘அட்டை இருக்கிறது, ஆனாலும் இது மட்டும் கட்டுங்கள்’ என்று கேட்டால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டதுமே ஓரிடத்தில் 8,000 ரூபாய் காணாமல் போயிற்று.

அட்டை வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் படுக்கை தருவார்கள், மருந்து ஏற்றுவார்கள்.

6. முதல் கீமோவுக்கு முன் ஒரு கேள்வி

இளம் வயதினருக்கு மட்டுமே உரிய விஷயம் இது. கூச்சத்தால் யாரும் பேசுவதில்லை. கீமோ மருந்துகள் குழந்தை பெறும் திறனைக் குறைக்கலாம். ஆண் என்றால் முதல் ஊசிக்கு முன் விந்தணுவை எடுத்து உறைநிலையில் வைக்கலாம். ஓரிரு நாளில் முடியும் வேலை. பெண் என்றால் கருமுட்டை சேமிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை, நோய் அந்த அவகாசம் தருமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். நீங்கள் முந்திக்கொண்டு ‘இந்த நிலைமையில் அது எதுக்கு’ என்று முடித்துவிடாதீர்கள். மாப்பிள்ளை வேண்டாம் என்றான். ஆனால் அவனிடம் ஒருவர் கேட்டது அவனுக்கு முக்கியமாக இருந்தது. அன்று சாயங்காலம் வெகு நாளைக்குப் பிறகு தானாகப் பேசினான்.

7. கீமோ நாட்கள்

பல இடங்களில் தரும் முறை ஒன்று: முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் சொட்டு ஊசி, பிறகு 14 நாள் காலையும் மாலையும் கேப்சிடபின் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு. 21 நாளுக்கு ஒரு சுற்று. மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 46 மணி நேரம் ஓடும் பம்ப் மூலம் மருந்து ஏற்றுவார்கள். அதற்குப் பெரும்பாலும் நெஞ்சில் தோலுக்கு அடியில் போர்ட் என்ற சின்ன மருந்தேற்றும் கருவியைப் பொருத்துவார்கள்.

ஊசிக்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே உள்ளூர் லேபில் ரத்தம் கொடுத்து அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊசி போட மாட்டார்கள். ஒருமுறை பார்க்காமல் போய், வார்டு வாசலில் ஐந்து மணி நேரம் இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

ஆக்சாலிபிளாட்டின் ஏறிய பின் குளிர்ச்சி ஆகாது. விரல் நுனியிலும் தொண்டையிலும் மின்சாரம் தொட்டதுபோல் சுருக்கென்று இழுக்கும். முதல் ஊசி முடிந்து வந்த இரவு, அக்கா வழக்கம்போல எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். தொட்டதும் உதறிவிட்டான், டம்ளர் உருண்டது. அவள் பயந்து அழுதாள். மறுநாளிலிருந்து டம்ளரைச் சுற்றி ஒரு சின்னத் துண்டைக் கட்டிக் கொடுத்தாள். வெந்நீர் கலந்த தண்ணீர், காலுக்கு சாக்ஸ், ஃபிரிட்ஜைத் திறக்க வேறு ஆள். ஒரு வாரம் இப்படிப் பார்த்துக்கொண்டால் போதும்.

கேப்சிடபின் மாத்திரையால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியலாம். தேங்காய் எண்ணெயோ டாக்டர் எழுதும் களிம்போ தடவுங்கள், இறுக்கமான செருப்பு வேண்டாம். கொப்புளமாகிவிட்டால் மாத்திரையைத் தொடராமல் டாக்டரைக் கேளுங்கள்.

கீழே சொன்னவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நேரமே ஆஸ்பத்திரி:

காய்ச்சல் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல். ரத்த வாந்தி, அல்லது தார் போலக் கறுப்பாக மலம். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென மூச்சு இரைப்பது. காய்ச்சலுக்கு வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைப்பதுதான் நம் வழக்கம். கீமோ எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம்.

மாத்திரை விலைக்கு வாங்க நேர்ந்தால் மூலப்பொருள் பெயரை எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இரண்டு மொத்த மருந்துக் கடையிலும் விசாரியுங்கள். ஒரே கேப்சிடபின், கம்பெனிக்குக் கம்பெனி விலை பல மடங்கு மாறுகிறது.

8. சாப்பாடு

எங்கள் வீட்டில் அதிகச் சண்டை நடந்தது இதில்தான். தட்டு நிறையச் சோறு வைத்து, ‘ஒரு வாய், ஒரே ஒரு வாய்’ என்று நாலு பேர் சுற்றி உட்காருவார்கள். இரைப்பையில் கட்டி உள்ளவருக்கு இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். அது பிடிவாதம் அல்ல.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு சின்னக் கிண்ணம். சத்துமாவுக் கஞ்சி, அவித்த முட்டை, குழைந்த பருப்புச் சாதத்தில் நெய், தயிர், நிலக்கடலை அரைத்த பால், மீன் துண்டு, பிசைந்த வாழைப்பழம். சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு அடைத்துக்கொள்ளும். அரைமணி தள்ளிக் கொடுங்கள். தாளிக்கும் வாசனையில் குமட்டினால் சமையலைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றுங்கள். வாரம் ஒருநாள் அதே தராசில் எடை பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் டாக்டரிடம் நோட்டைக் காட்டி உணவு ஆலோசகரைக் கேளுங்கள்.

சாப்பிட்டது அப்படியே பல மணி நேரம் கழித்து வாந்தியாக வந்தால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைக்கலாம், அல்லது சிறுகுடலில் குழாய் வைத்து உணவு செலுத்தலாம். குழாய் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோரும் மறுத்தோம். அவன்தான் ‘வைங்க’ என்றான். வைத்த மூன்றாம் வாரம் எழுந்து கடைக்குப் போய் வந்தான்.

முள் சீத்தா இலை, காய்ச்சாத ஆட்டுப் பால், ‘ஒரு மண்டலத்தில் கேன்சர் கரையும்’ லேகியம் என்று தினமும் ஒருவர் வந்து சொல்வார். அன்பினால் சொல்பவரிடம் கோபப்பட வேண்டாம். ஆனால் கீமோவோடு எதையும் கலக்காதீர்கள், கல்லீரல் கெடலாம். முன்பணம் கேட்டு ‘குணத்துக்கு உத்தரவாதம்’ தருபவரை வாசலோடு அனுப்புங்கள். எங்களிடம் ஒருவர் 45,000 ரூபாய் வாங்கிப் போனார். அந்தப் பணத்தில் ஆறு மாதத்துக்குச் சத்தான சாப்பாடு வந்திருக்கும்.

9. மற்ற பண வழிகள்

வேலையில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் முதலில் அந்த அலுவலகத்துக்குப் போங்கள். புற்றுநோய் அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர் வேலையும் சந்தாவும் இருந்தால் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து கேட்டால் சிக்கல். விடுப்பிலேயே இருங்கள். வருங்கால வைப்பு நிதியிலிருந்து மருத்துவ முன்பணமும் எடுக்கலாம். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணோடு ஆதார், வங்கிக் கணக்கு இணைந்திருந்தால் ஆன்லைனிலேயே முடியும்.

ரயில் சலுகை: படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. இதற்கென உள்ள படிவத்தில் மருத்துவமனை டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முன்பதிவு கவுண்டரில்தான் எடுக்க முடியும். படிவங்களை ஒரே நாளில் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க மருத்துவமனையின் செலவு மதிப்பீடு அசல், வருமானச் சான்று, முகவரிச் சான்று, படம் தேவை. முடிந்துபோன செலவுக்குத் தர மாட்டார்கள். ஆகவே சிகிச்சைக்கு முன்பே அனுப்புங்கள். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதமும் வைத்தோம். பதில் வரச் சில வாரம் ஆனது.

வருமான வரி கட்டும் உறவினர் செலவு செய்தால், பழைய வரிமுறையில் 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஆடிட்டர்கள் 80டிடிபி என்பார்கள். புற்றுநோய் மருத்துவரின் சீட்டு வேண்டும். சார்ந்திருக்கும் மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோருக்கு மட்டும்தான். மாமன் என்ற முறையில் எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். தங்கும் இடம், அறக்கட்டளை உதவி எல்லாம் அவருக்குத் தெரியும். நாங்கள் அவரைப் பார்த்தது ஐந்தாவது மாதம். நீங்கள் முதல் நாளே பாருங்கள்.

10. வலிக்கு மருந்து, முதல் மாதத்திலிருந்தே

வலி நிவாரணப் பிரிவு என்றதும் ‘கைவிட்டுட்டாங்க’ என்று பொருள் கொள்ளாதீர்கள். கீமோ நடக்கும்போதே அங்கேயும் பதிந்துகொள்ளலாம், பதிந்துகொள்ள வேண்டும். வலி, வாந்தி, தூக்கமின்மை, வயிற்றில் நீர் கோத்தால் எடுத்துவிடுவது எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் அவர்கள்.

மார்ஃபின் மாத்திரைக்கு வீட்டில் எல்லோரும் பயந்தோம், அடிமையாகிவிடுவான் என்று. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் புற்று வலிக்குக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, நேரம் தவறாமல் கொடுப்பதுதான் முறை. மலம் கட்டும், அதனால் மலமிளக்கியும் சேர்த்தே எழுதுவார்கள். அதை விட்டுவிடாதீர்கள். விலை குறைவான மாத்திரைதான். ஆனால் எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. அனுமதி பெற்ற மருத்துவமனையில் சீட்டோடு வாங்க வேண்டும். தீருவதற்கு ஐந்து நாள் முன்பே போங்கள். பொங்கல் விடுமுறையில் எங்களுக்குத் தீர்ந்துபோய், இரண்டு இரவு அவன் உட்கார்ந்தே இருந்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நாங்கள் தூங்குகிறோமா என்று பார்த்துக்கொண்டு.

வெளியே போக முடியாத நிலை வந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே செவிலியர் வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். எந்த நிலையம் என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள்.

11. அவர் தெளிவாக இருக்கும்போதே

வங்கிக் கணக்கு, பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் வாரிசுதாரர் (நாமினி) பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பைக் லோன், கல்விக் கடன் இருந்தால் அதோடு காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று பத்திரத்தை வாசியுங்கள். உயில் எழுத விரும்பினால் வெள்ளைத் தாள் போதும், இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும், பதிவு கட்டாயமில்லை. போன் கடவுச்சொல் அவராகத் தந்தால் வாங்குங்கள். மாப்பிள்ளை தன் கடையில் ரிப்பேருக்கு வந்து கிடந்த போன்களை யார் யாருடையது என்று பட்டியல் எழுதித் தந்தான். அதை எழுதும்போது அழுதது நான்தான்.

உடன்பிறந்தவர்களை மறக்காதீர்கள். இளம் வயதில் சிக்னெட் ரிங் போன்ற வகை வந்தால் சி.டி.ஹெச்.1 மரபணுக் கோளாறு காரணமாக இருக்கலாம். மரபணு ஆலோசனையையும், எச். பைலோரி கிருமிச் சோதனையையும் அவர்களுக்காக டாக்டரிடம் கேளுங்கள். அவன் தங்கைக்கு எண்டோஸ்கோப்பி பார்த்தோம். கிருமி இருந்தது, 14 நாள் மாத்திரையில் சரியானது.

பிறகு நடப்பதற்கும் தாள் உண்டு. வீட்டில் இறந்தால் இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், மருத்துவமனையில் என்றால் அவர்களே பதிவார்கள். சான்று ஐந்து பிரதி வாங்குங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். மிஞ்சிய மார்ஃபினை வீட்டில் வைக்காமல், குப்பையில் போடாமல், வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். நாங்கள் 23 மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.